செராம்பியும் அஞ்சடியும்: குன்று நிலத்து வீடுகளின் நிழல்மேடை

வீட்டின் முன்னிடத்துக்குத் தமிழில் பெயர்கள் பல. முன்றில், முற்றம், திண்ணை, தாழ்வாரம் என்பன அவற்றுட் சில. இல்முன் என்பது முன்றில் என மாறி நிற்பதை இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகக் கரும்பலகையில் எழுதாத தமிழாசிரியர் நம்முள் ஒருவரும் இரார். கடல் கடந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த தமிழர் இவற்றோடு மற்றொரு சொல்லையும் சேர்த்துக்கொண்டனர். அதுவே அஞ்சடி. கடைத்தெருவில் ஐந்தடி அகலத்தில் கூரையிட்டு விடப்பட்ட நடைவழியைக் குறித்த அச்சொல், தோட்டத்து லயத்தின் முன்புறத்தையும் குறிப்பதாயிற்று. மலாய்க்காரர் அதே நடைவழியைக் காக்கி லீமா என்றனர். அளவென்னவோ எல்லாத் தெருவிலும் ஐந்தடியாக இருந்ததில்லை. பெயர் மட்டும் ஐந்தடியாகவே நிலைத்துவிட்டது.

இக்கட்டுரை சொல்லைப் பற்றியதன்று. சொல் குறிக்கும் பொருளைப் பற்றியது. வெயிலும் மழையும் மிகுந்து, மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் இந்நாட்டில், வீட்டோடு இயைந்த நிழல்மேடையைத் தேர்ந்து சமைத்தவர் யார்? அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர் யார்? அந்த நிழல் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை? இவையே நாம் ஆராய வேண்டுவன.

முதலில் மலாய் வீட்டைப் பார்ப்போம். வெவ்வேறு உயரத்தில் நிற்கும் மேடைகளின் தொகுதி என்று அதனைச் சொல்வது பொருந்தும். நடுவில் உயர்ந்து நிற்பது ரூமா ஈபு. தாய்வீடு என்பது அதன் நேர்ப்பொருள். அதற்கு முன்னே சற்றுத் தாழ்ந்த தளத்தில் அமைவது செராம்பி. படிக்கட்டின் தலைப்பில் தனிக் கூரையோடு முன்னே நீண்டு நிற்பது அஞ்சோங். பின்புறத்தில் அடுக்களை. அடுக்களைக்கு அப்பால், கூரையின்றி வானம் பார்த்துக் கிடப்பது பெலாந்தார் என்னும் திறந்த மேடை. பாத்திரம் கழுவுவதும், மீனும் துணியும் உலர்த்துவதும் அங்கே. நீபோங் என்னும் பனைவகையின் தண்டைப் பிளந்த பட்டிகளையோ மூங்கிலையோ இடைவெளி விட்டுப் பரப்புவதால், ஊற்றிய நீர் தேங்காமல் கீழே வடிந்துவிடும். மழை நின்ற சிறிது நேரத்தில் மேடை உலர்ந்துவிடும். இக்காலத்தில் குன்றுவீடுகளின் பின்புறத்தில் பெருஞ்செலவில் அமைக்கும் மரமேடைகளுக்கு இப்பெலாந்தார் மூத்தது. இடைவெளியின்றிப் பலகையை நெருக்கிப் பதித்துவிட்டு, ஓரிரு மழைக்காலத்துக்குள் பூஞ்சையும் உளுப்பும் கண்டதென்று வருந்துவோர் இன்றும் உளர்.

செராம்பியே வீட்டின் பொது இடம். வரும் ஆடவர் விருந்தினரை அங்கேதான் இருத்துவர். சிறுவர் குர்ஆன் ஓதக் கற்றதும் பெரும்பாலும் அங்கேயே. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தை இது நினைவூட்டாமல் இராது. ஆச்சே நாட்டுக்குச் செராம்பி மெக்கா என்றொரு சிறப்புப் பெயர் உண்டு. தீவுகளிலிருந்து புனிதப் பயணம் புறப்பட்டோர் இறுதியாகக் கப்பலேறிய கரையாதலின், அது மக்கமாநகரின் முன்றில் ஆயிற்று. வீட்டின் ஓர் உறுப்பு ஒரு நாட்டுக்கே பெயராக நிற்கும் அளவுக்கு அது மக்கள் மனத்தில் இடம்பெற்றிருந்தது.

இனி, இவ்வீடு நிலத்தின்மேல் நிற்கும் முறையைக் காண்க. தூண்களை மண்ணில் ஆழப் புதைப்பதில்லை, கல்லின்மேல் நிறுத்துவர். கறையானும் ஈரமும் மரத்தைத் தொடாதிருக்க இது வழி. செங்கால் போன்ற வன்மரங்களே தூணுக்கு உரியவை. தளம் நிலத்தினின்றும் உயர்ந்திருப்பதால் காற்று அடியிலும் புகுந்து செல்லும். சரிவான நிலமாயின் அதைச் சமன்செய்ய மண்ணை வெட்ட வேண்டியதில்லை. மேற்புறத் தூண் குட்டையாகவும் கீழ்ப்புறத் தூண் நெட்டையாகவும் நின்றாற் போதும். தளம் தானே சமமாகும். மழைநீர் தன் பழைய வழியிலேயே வீட்டின் அடியில் ஓடிவிடும். வீடு நிலத்துக்கு இசைந்தது. நிலம் வீட்டுக்காக வெட்டுப்படவில்லை. இந்த ஒரு செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் நாம் பேசப்போகும் கேடுகள் பலவும் இதை மறந்ததனால் வந்தவையே.

மலாய் வீடுகள் பல ஆற்றோரச் சமவெளியில் எழுந்தவையே. ஆயினும் நெகிரி செம்பிலானில் காட்சி வேறு. மினாங்கபாவ் மக்கள் சுமத்ராவின் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய பகுதி அது. பள்ளத்தாக்கின் அடியில் நெல்வயல், மேலே காட்டுக்குன்று, இரண்டுக்கும் இடைப்பட்ட விளிம்பில் வீடுகளின் வரிசை. வயலைக் கெடுக்காமலும், குன்றைக் குடையாமலும், வெள்ளத்துக்கு எட்டாமலும் வாழும் இடத்தேர்வு இது. வீட்டின் முன்புறம் முழுதும் நீளும் செராம்பியில் அமர்ந்தால் வயல் கண்ணெதிரே தெரியும்.

அந்நாட்டுத் தச்சர் திறத்துக்குச் சான்று வேண்டுவோர் கோலப் பிலா மாவட்டத்திலுள்ள ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனையைக் காண வேண்டும். முன்னிருந்த அரண்மனையை 1875-இல் நடந்த போரில் ஆங்கிலப் படையினர் எரித்துவிட்டனர். இப்போது நிற்பது 1902-இல் தொடங்கி 1908-இல் முடிக்கப்பெற்றது. காஹார், தாயிப் என்னும் இரு மலாய்த் தச்சர்கள் அமைத்தது. தூண்கள் 99. இரும்பாணி இன்றி, மரத்தை மரத்தோடு பொருத்தி முளையடித்தே நான்கு நிலைகளையும் எழுப்பினர். 1931 வரை அரச குடும்பத்தின் இல்லமாக விளங்கி, 1992-இல் அரும்பொருட்காட்சியகமாயிற்று.

நிழலின் கணக்கைச் சற்றே பார்ப்போம். பள்ளி மாணவரும் விளங்கிக்கொள்ளத்தக்க எளிய கணக்கே இது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் கதிரவன் ஆண்டின் ஒரு பாதியில் உச்சிக்கு வடக்கேயும் மறுபாதியில் தெற்கேயும் நிற்கிறான். எனவே வடசுவர், தென்சுவர் இரண்டும் வெயில் காண்பனவே. ஆனால் நண்பகலில் அவன் எப்போதும் உயரத்திலேயே இருக்கிறான். சிங்கப்பூரில் மிகவும் தாழ்ந்து நிற்கும் டிசம்பர் மாத நடுப்பகலிலும் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 65 பாகை உயரம் உண்டு. ஆகவே 4 அடி நீண்ட இறவாரம் சுவரில் 8 அடிக்குமேல் நிழல் தரும். கீழ்ச்சுவரும் மேல்சுவரும் அப்படியல்ல. மாலையில் கதிரவன் 30 பாகைக்கு இறங்கிய பின் அதே 4 அடி இறவாரம் இரண்டரை அடி நிழல்கூடத் தராது. அதனால்தான் இந்நாட்டில் கூரையை நீட்டினால் மட்டும் போதுவதில்லை. சுவருக்கும் வெயிலுக்கும் இடையே எட்டடி, பத்தடி ஆழமுள்ள ஒரு மேடையையே வைக்க வேண்டியதாயிற்று. அம்மேடையின் விளிம்பில் மூங்கில் தட்டியும் தொங்கவிட வேண்டியதாயிற்று. வடநாட்டார் சிக் என்றதும் மலாய்க்காரர் பீடாய் என்றதும் இத்தட்டியையே.

குன்றின்மேல் குளிர்ச்சி உண்டென்பது பொதுவான எண்ணம். ஆயிரம் மீட்டர் ஏறினால் 6 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் குறையும், உண்மை. ஆனால் 60 மீட்டர்க் குன்றில் அரைப் பாகைகூடக் குறையாது. அங்குக் கிடைக்கும் இதம் உயரத்தின் கொடையன்று, காற்றின் கொடை. பகலில் சரிவு சூடேறக் காற்று கீழிருந்து மேலே ஏறும். இரவில் மேலிருந்து கீழே இறங்கும். அக்காற்று உள்ளே புகவும் வெளியேறவும் வழிவிட்ட வீடே குளிர்ந்த வீடு. காற்றின் வழியை அடைத்துக் கட்டிய வீடு குன்றின் உச்சியில் இருந்தும் பயனில்லை.

ஐரோப்பியர் இந்த உண்மையை இங்கு வந்தபின் கற்றனர். சிறிது இந்தியாவிலேயே கற்றுக்கொண்டு வந்தனர். வங்காளத்துக் குடிசையின் பெயரே பங்களா என்று உலகெங்கும் பரவிற்று. வராந்தா என்னும் சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே வழக்கு உண்டு. அது இந்தியச் சொல் என்று பலர் கருதினர். ஆனால் வாஸ்கோ ட காமாவின் முதற் பயணத்தைப் பற்றிய 1498-ஆம் ஆண்டுக் குறிப்பிலேயே போர்த்துக்கீசிய மொழிச் சொல்லாக அது வந்துவிட்டது. 1505-இல் வெளிவந்த ஸ்பானிய–அரபு அகராதி ஒன்றிலும் உண்டு. கப்பலிலிருந்து இறங்கும்போதே அவர்கள் நாவில் இருந்த சொல் அது என்றே தோன்றுகிறது. சொல் அவர்களுடையதாயினும், அது குறிக்கும் பொருளை வெப்பநாட்டு வாழ்வுக்கு ஏற்றபடி ஆழமாக்கி, வீட்டைச் சுற்றிலும் ஓடவிட்டது இந்நாடுகளில் நிகழ்ந்ததே. நம் திண்ணைக்கும் மதராஸ் ஆங்கிலத்தில் பையல் என்றொரு பெயர் வழங்கிற்று. அதன் மூலமும் போர்த்துக்கீசியமே.

சிங்கப்பூரில் இராபிள்ஸ் தமக்கெனக் கட்டிய வீடு 1823-இல் எழுந்தது. மலாய்க்காரர் புக்கிட் லாராங்கான், தடைக்குன்று, என்று அஞ்சி ஒதுங்கிய குன்றின்மேல் மரச்சுவரும் அத்தாப்புக் கூரையுமாக அது நின்றது. 1859-இல் அதை இடித்துவிட்டு அங்கே கோட்டை கட்டினர். அதற்கு முந்திய ஆண்டில்தான், 1822 நவம்பரில், நகரமைப்புக் குழுவுக்கு இட்ட கட்டளையில், ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் எப்போதும் திறந்திருக்கும் கூரையிட்ட நடைவழி விட வேண்டுமென இராபிள்ஸ் குறித்தார். கடைவீதி அஞ்சடி பிறந்தது அக்கட்டளையில்.

அதனினும் நம் கருத்துக்குரியது இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக விளங்கும் இஸ்தானா. பிரின்செப் என்பவரின் சாதிக்காய்த் தோட்டமாயிருந்த குன்றில், 1867 முதல் 1869 வரை ஆளுநருக்காக அதைக் கட்டினர். வரைந்தவர் மெக்நேர் என்னும் பொறியாளர். கட்டியோர் இந்தியக் கைதிகள். 1825 முதல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட அக்கைதிகள் மதராஸ், வங்காளம், பம்பாய் மாகாணங்களைச் சேர்ந்தவர்கள். செங்கல் அறுத்தல், கல்லுடைத்தல், தச்சு, கொல்லு எல்லாம் அவர்கள் கைப்பட்டன. செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் அவர்கள் பூசிய மதராஸ் சுண்ணாம்பின் செய்முறையை மெக்நேரே 1899-இல் வெளியிட்ட தம் நூலில் எழுதிவைத்துள்ளார். சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்து, பூசியபின் பளிங்குபோல் மின்னும்வரை தேய்ப்பது அம்முறை. இஸ்தானாவைச் சுற்றி ஓடும் அகன்ற வராந்தாவும் காற்று விடும் சாளரங்களும் அந்நாளில் வந்து தங்கியோர்க்குப் பெருஞ்சுகம் தந்தன. கட்டியவர்க்கு அந்நிழலில் இருக்கை இல்லை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பின்னர் வந்தவை கறுப்பு வெள்ளை வீடுகள். வெள்ளைச் சுவர், கறுப்பு மரச்சட்டம் ஆகியவற்றால் வந்த பெயர் அது. தாவரவியல் பூங்காவை அடுத்த கேலப் சாலையில் 1898-இல் பிட்வெல் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த அத்பரா இல்லம் அவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. அதற்கு அண்மையில் 1906-இல் எழுந்தது இன்வர்டரட். செங்கல் தூண்களின்மேல் உயர்த்திய தளம், நீண்ட இறவாரம், ஆழ்ந்த வராந்தா எனக் கூட்டிப் பார்த்தால், ஆங்கில உடை அணிந்த செராம்பி என்றே சொல்லத் தோன்றும். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. துரைமார் வீடுகள் பெரும்பாலும் உச்சியையே நாடின. அதற்காக உச்சியைச் சமன்செய்தன. நிழலைக் கற்றவர்கள் சரிவைக் கற்கவில்லை.

இனி நம்மவர் வாழ்ந்த இடத்துக்கு வருவோம். இரப்பர்த் தோட்டங்கள் பல குன்று நிலத்தில் எழுந்தவை. அவற்றுட் பலவற்றில் துரையின் பங்களா மேட்டில் இருந்தது. கிராணியார் வீடு அதற்குக் கீழே. லயங்கள் தண்ணீருக்கு அருகில், தாழ்வில். நீண்ட மரக்கொட்டகை ஒன்றை அறை அறையாகத் தடுத்து, அனைத்துக்கும் பொதுவாக முன்னே ஒரு அஞ்சடி விட்டிருப்பர். அதுவே அடுக்களை, அதுவே வரவேற்பறை, வெக்கை மிகுந்த இரவில் அதுவே படுக்கையறை. பங்களாவின் வராந்தாவில் ஒரு குடும்பம். லயத்து அஞ்சடியில் பத்துக் குடும்பம். இதையும் செராம்பியின் வழித்தோன்றல் எனலாம். ஆனால் ஆழம் சுருங்கி, கூரை தாழ்ந்து, காற்றின் வழியைப் பற்றிய எண்ணமே இன்றிக் கட்டப்பட்டது.

இடவசதிக் குறைவாவது பொறுக்கத்தக்கது. பொறுக்கலாகாதது மலேரியா. நச்சுக்காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பிய காலத்தில், தாழ்நிலம் கேடு, குன்று நலம் என்பது முடிந்த முடிபு. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897-இல் நிறுவத் தொடங்கினார். 1901-இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் அவ்வறிவை இந்நாட்டில் செயலாக்கினார். சமவெளியில் காட்டு நிழலில் தேங்கும் நீரில் பெருகிய கொசு, காட்டை வெட்டி வடிகால் அமைத்ததும் குறைந்தது. அதே முறையைக் குன்றுத் தோட்டங்களில் கையாண்டபோது விளைவு தலைகீழாயிற்று. அங்கே குற்றவாளி வேறொரு கொசு: அனோபிலிஸ் மாக்குலாட்டஸ். அது வெயில் படும் தெளிந்த ஓடைநீரை விரும்புவது. இரப்பர் நடுவதற்காக ஓடைக்கரைக் காட்டை அழித்தபோது ஓடையின்மேல் இருந்த நிழல் போயிற்று. நிழல் போன ஓடையில் கொசு பெருகிற்று. ஓடைக்கு அருகில் இருந்ததோ லயம். தூய்மையாகத் தோன்றிய நீரோரம் குடியிருந்த தமிழ்த் தொழிலாளர் கூட்டங்கூட்டமாகக் காய்ச்சலில் விழுந்தது இவ்வாறே.

வாட்சன் 1911-இல் வெளியிட்ட நூல் இவ்வனுபவங்களைக் கூறுவது. அவர் கண்ட தீர்வு ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே செலுத்துவது. பின்னர் எண்ணெய் தெளிப்பதும் சேர்ந்தது. ஓடைக்கரையில் செடிகொடிகளை மீண்டும் வளர்த்து நிழலாக்கும் முயற்சிகளும் பிற்காலத்தில் நடந்தன. குன்று நிலத்தில் நிழல் என்பது வீட்டு முகப்பின் இன்பம் மட்டுமன்று, உயிர் காக்கும் பொருளும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா. நெகிரி செம்பிலான் உழவர் குன்றின் காட்டை வெட்டாமல் அதன் விளிம்பில் குடியிருந்ததை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். கொசுவின் இயல்பு அவர்க்குத் தெரியாது. காட்டை விட்டுவைத்த பழக்கம் மட்டும் இருந்தது.

நாடு விடுதலையுற்றபின் குன்றுகளின் கதை மாறிற்று. மண்வாரிப் பொறிகள் வந்தபின் தூணை நீட்டுவதைவிடக் குன்றை வெட்டுவது எளிதாயிற்று. மேற்சரிவை வெட்டிய மண்ணைக் கீழ்ச்சரிவில் கொட்டி, தாங்குசுவர் எழுப்பி, கிடைத்த சமநிலத்தில் சமவெளி வீட்டையே கட்டினர். நீர் தன் வழியை மறப்பதில்லை. 1993 டிசம்பர் 11 அன்று கோலாலம்பூரை ஒட்டிய உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்னும் 12 மாடிக் கட்டடங்கள் மூன்றில் ஒன்று சாய்ந்து 48 பேர் மாண்டனர். அதன் பின்புறச் சரிவில் நீர் ஊறித் தாங்குசுவர்கள் நிலைகுலைந்ததே காரணம். 2008 டிசம்பரில் அருகிலுள்ள புக்கிட் அந்தாராபங்சாவிலும் மண்சரிந்து உயிர்கள் போயின. பன்னிரு மாடிகளைச் செங்கால் தூணின்மேல் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீருக்கு வழிவிட்டபின்னரே வீட்டுக்கு இடம் தேட வேண்டும் என்னும் ஒழுங்கு இரண்டுக்கும் பொது.

தனி வீடுகளிலும் கேடு வேறுவகையில் புகுந்துள்ளது. முகப்பிலிருந்த நிழலிடம் மோட்டார் வண்டிக்குப் போயிற்று. எஞ்சியதைக் கண்ணாடியும் இரும்புக் கம்பியும் கொண்டு அடைத்துக் குளிர்சாதனப் பொறியை வைத்துவிட்டோம். மேற்கு நோக்கிய வெறுஞ்சுவர் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை இரவெல்லாம் உமிழ்கிறது. குன்றுச் சரிவில் வீடு வைத்திருப்போர் மேடை அமைக்க விரும்பினால், மேற்புறத்தைக் குடையாமல் கீழ்ப்புறமாகத் தூணிட்டு நீட்டுக. பலகைக்கிடையே விரல் நுழையா அளவு இடைவெளி விடுக. தூணடியை மண்ணுக்கு மேலே நிறுத்துக. கிழக்கிலும் மேற்கிலும் கூரையை மட்டும் நம்பாமல் தட்டியும் கொடியும் இடுக. பெலாந்தார் கட்டிய தச்சர் அனைவரும் அறிந்திருந்தவையே இவை.

அத்பரா இல்லமும் இன்வர்டரட்டும் 2021 முதல் தாவரவியல் பூங்காவின் பகுதியாகப் பொதுமக்களுக்குத் திறந்துள்ளன. ஸ்ரீ மெனாந்தி அரண்மனையின் தூண் ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை உண்டு. மலாய் வீட்டை லிம் ஜீ யுவான் 1987-இல் ஒரு நூலில் விரிவாக விளக்கிவிட்டார். சிங்கப்பூர்ப் பங்களாக்களை லீ கிப் லின் அடுத்த ஆண்டே நூலாக்கினார். லயத்து அஞ்சடியை அவ்வாறு அளந்து எழுத வேண்டிய கடமை நம்முடையது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் மறைந்துவருகின்றன. அஞ்சடியில் தவழ்ந்து வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். தமிழாசிரியர்கள் தம் மாணவரை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தாத்தா பாட்டியரிடம் அனுப்பலாம். லயம் எத்திசை நோக்கி இருந்தது, அறைகள் எத்தனை, அஞ்சடியின் அகலம் என்ன, தூண் எந்த மரம், கூரை அத்தாப்பா தகரமா, ஓடை எவ்வளவு தொலைவு, பங்களா எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டு எழுதிவரட்டும்.